எச்.ஐ.வி. கூட்டு மருந்து இடைவிடாமல் கிடைக்க: தருமபுரி, கிருஷ்ணகிரி கிராமங்களில் உதவுவோருக்கான வழிகாட்டி

எச்.ஐ.வி. வைரஸ் உடலில் பெருகாமல் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து 2004 ஏப்ரல் 1 முதல் நம் அரசு மருத்துவமனைகளில் இலவசமாக வழங்கப்பட்டு வருகிறது. மேலை நாடுகளில் இந்தச் சிகிச்சைக்கு ஒருவருக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் செலவான காலத்தில், 2001இல் இந்திய மருந்து நிறுவனமான சிப்லா அதே மருந்துகளை 350 டாலருக்குத் தர முன்வந்தது. அதன்பின் விலை தொடர்ந்து இறங்கியதாலேயே ஆப்பிரிக்க, ஆசிய ஏழை நாடுகளுக்கு இச்சிகிச்சை சென்று சேர்ந்தது. 2023இல் உலகெங்கும் 3 கோடிக்கு மேற்பட்டோர் மருந்து எடுத்து வந்தனர். ஆகவே பாலக்கோட்டிலோ ஊத்தங்கரையிலோ வாழும் ஒரு கூலித் தொழிலாளிக்கு இன்று மாத்திரையின் விலை தடையாக இல்லை. மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்திற்குப் போகும் நாளில் இழக்கும் கூலி, பேருந்துச் செலவு, தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்ற அச்சம் ஆகியவையே அவரை வீட்டில் நிறுத்திவைக்கின்றன. தன்னார்வலர், மகளிர் குழுவினர், உறவினர் என யாராக இருந்தாலும், உங்கள் வேலை அந்தத் தடைகளைக் குறைப்பதே.

முதலில் பரிசோதனை. அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் இது இலவசம். பரிசோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசகர் தனியாகப் பேசுவார். ஒரே ஒரு சோதனையை வைத்து யாருக்கும் தொற்று இருப்பதாக முடிவு செய்வதில்லை. வேறு வேறு வகைக் கருவிகளால் மூன்று முறை பார்த்து உறுதி செய்வார்கள் என்பதைச் செல்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். தனியார் ஆய்வகத்தில் ஒருமுறை பார்த்து அதிர்ந்துபோய் வருவோரையும் உறுதிப்படுத்தலுக்காக நம்பிக்கை மையத்திற்கே அழைத்துச் செல்லுங்கள்.

தொற்று உறுதியானதும் நாள் கடத்தக் கூடாது. சிடி4 எனப்படும் நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை குறையட்டும் என்று காத்திருக்கும் வழக்கம் முடிந்துவிட்டது. 2017 முதல் நம் நாட்டில் தொற்றுள்ள எல்லோரும் உடனே சிகிச்சைக்குத் தகுதியானவர்கள். நான் மிகவும் கவலைப்படும் இடம் இதுதான்: முடிவு கையில் கிடைத்த நாளுக்கும் முதல் மாத்திரை விழுங்கும் நாளுக்கும் இடையிலுள்ள அந்தச் சில நாட்களில்தான் பலர் காணாமல் போகிறார்கள். எனவே நம்பிக்கை மையத்திலிருந்து ஏ.ஆர்.டி. மையத்திற்குச் செல்லும் முதல் பயணத்தில், அவர் விரும்பினால், நீங்களும் உடன் செல்லுங்கள். ஆதார் அட்டை, நம்பிக்கை மையம் தந்த அறிக்கை, பழைய மருத்துவச் சீட்டுகள் ஆகியவற்றை எடுத்துச் செல்வது பதிவை எளிதாக்கும்.

அங்கே இருமல், காய்ச்சல், எடை குறைதல், இரவு வியர்வை ஆகிய நான்கையும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். காசநோய் இருந்தால் அதற்கான மருந்தை முதலில் தொடங்கி, கூட்டு மருந்தை எப்போது சேர்ப்பது என்பதை மருத்துவர் முடிவு செய்வார். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் மருந்து, இன்றைய கூட்டு மருந்திலுள்ள டோலுடெக்ராவிரின் அளவை உடலில் குறைத்துவிடும். அதனால் அந்தக் காலத்தில் டோலுடெக்ராவிர் மாத்திரை ஒன்று கூடுதலாகத் தரப்படும். இது தெரியாமல் கூடுதல் மாத்திரையைத் தவறென்று எண்ணி ஒதுக்கிவிடக் கூடாது.

டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் ஒரே மாத்திரையில் அடங்கியிருப்பதால் பெரும்பாலோருக்கு நாளுக்கு ஒன்று போதும். கர்ப்பிணிகளுக்கு ஒரு குறிப்பு அவசியம். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை வெறும் வயிற்றில் இதனுடன் சேர்த்து விழுங்கினால் மருந்து உடலில் சேர்வது குறையும். உணவுடன் எல்லாவற்றையும் சேர்த்து எடுக்கலாம். இல்லையெனில் கூட்டு மருந்தை அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ எடுக்க வேண்டும். வயிற்றெரிச்சலுக்குக் கடையில் வாங்கும் அமில முறிவு மருந்துகளை உணவுடன்கூடச் சேர்த்து எடுக்கலாகாது. அவற்றுக்கு அந்த மணிக்கணக்கு மட்டுமே பொருந்தும். தாய் மருந்தை ஒழுங்காக எடுத்து, பிறந்த குழந்தைக்குத் தடுப்பு மருந்தும் கொடுத்தால் தொற்று குழந்தைக்குப் போகும் வாய்ப்பு மிகவும் குறைந்துவிடும். குழந்தைக்கு 6 வாரத்தில் செய்யும் முதல் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

இனி, இவ்விரு மாவட்டங்களுக்கே உரிய சிக்கலைப் பார்ப்போம். தருமபுரியிலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும், திருப்பூருக்குப் பின்னலாடை வேலைக்கும், ஓசூர் தொழிற்சாலைகளுக்கும் குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள்; லாரி ஓட்டுவோர் வாரக்கணக்கில் வீடு திரும்புவதில்லை; கிருஷ்ணகிரியில் மாம்பழப் பருவம் தொடங்கிவிட்டால் தோப்பையும் மாங்கூழ் ஆலையையும் விட்டு யாரும் ஒரு நாள்கூட நகர மாட்டார்கள். இவர்களிடம் மாதா மாதம் வாருங்கள் என்று சொல்வது, வராதீர்கள் என்று சொல்வதற்குச் சமம். வேலைக்குக் கிளம்புவதற்கு முன்பே மையத்து ஆலோசகரிடம் பேச வையுங்கள். உடல்நிலை நிலையாக உள்ளோருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மாதங்களுக்கான மருந்தை ஒரே முறையில் தர வழியுண்டு. நீண்ட காலம் வெளியூரில் தங்குவோர் மாற்றல் பெற்று அங்குள்ள ஏ.ஆர்.டி. மையத்திலேயே மருந்து வாங்கலாம். இது தேசியத் திட்டம் என்பதால் கர்நாடகத்திலும் மருந்து இலவசமே. வீட்டருகே இணைப்பு ஏ.ஆர்.டி. மையம் (பெரிய மையத்தோடு இணைந்து மருந்து தரும் சிறு மையம்) இருந்தால் அங்கே மாற்றிக் கொடுக்கும்படி கேளுங்கள். பெண்கள் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணமின்றிப் போகலாம். மாவட்டத் தலைநகர் வரை புறநகர்ப் பேருந்தில் செல்ல வேண்டியவர்கள் பயணச் சலுகை உண்டா என்று மையத்திலேயே விசாரிக்க வேண்டும்.

மொசாம்பிக் நாட்டின் தேட்டே மாகாணத்தில் 2008 முதல் ஒரு முறை நடைமுறையில் உள்ளது. தொற்றுள்ள சிலர் சிறு குழுவாகச் சேர்ந்து, முறை வைத்து ஒருவர் மருத்துவமனைக்குப் போய் எல்லோருக்கும் மருந்து வாங்கி வருவார். அவரவர் முறை வரும்போது அவரவர் உடல்நிலையும் பரிசோதிக்கப்படும். சித்தேரி, அஞ்செட்டி போன்ற மலைப்பகுதிகளுக்கு இதை அப்படியே கொண்டுவர நான் தயங்குகிறேன். சிறிய ஊரில் குழு என்றாலே செய்தி பரவிவிடும். கணவனும் மனைவியும், அல்லது ஏற்கெனவே ஒருவரையொருவர் அறிந்த இரண்டு மூன்று பேர் மாறி மாறிச் செல்வது இங்கே பொருந்தும். ஆனால் மையத்தில் முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். அதே காரணத்தால்தான், 2021இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மருந்துகளை வீட்டு வாசலில் தருவதுபோல இதையும் தந்துவிடலாம் என்று அவசரப்படக் கூடாது என்கிறேன். வாசலுக்கு யார் வர வேண்டும், வரலாமா என்பதை மருந்து எடுப்பவரே சொல்லட்டும்.

ஒருவரின் தொற்று நிலையை அவர் ஒப்புதலின்றி வெளியே சொல்வது 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டத்திற்கு எதிரானது. அச்சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. தொற்றைக் காரணம் காட்டி வேலையிலிருந்து நீக்குவதையும் சிகிச்சை மறுப்பதையும் அது தடை செய்கிறது. உங்கள் குறிப்பேட்டில்கூட அவர் பெயரை எழுத வேண்டாம். ஐயம் எழும்போது 1097 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.

மருந்து தொடங்கி 6 மாதத்தில் வைரஸ் அளவுப் பரிசோதனை செய்யப்படும். அளவு கண்டறிய முடியாத நிலைக்கு இறங்கி அப்படியே நீடித்தால், உடலுறவு வழியாகத் தொற்று இன்னொருவருக்குப் பரவாது. இதைக் கணவன் மனைவி இருவரும் சேர்ந்திருக்கும்போது ஆலோசகரை விளக்கச் சொல்லுங்கள். மருந்தை விடாமல் எடுக்க இதைவிட வலுவான காரணம் பலருக்கு இல்லை.

யாராவது மருந்தை நிறுத்திவிட்டால், ஏன் விட்டீர்கள் என்று கடிந்துகொள்ளாதீர்கள். கடிந்தால் அவர் அடுத்த முறை உங்களையும் தவிர்ப்பார். வீட்டில் மீதமுள்ள மாத்திரைகளையும் சிகிச்சைப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு மையத்திற்கு வரச் சொல்லுங்கள். எத்தனை நாள் எடுக்கவில்லை, எதனால் எடுக்கவில்லை என்பதை உள்ளபடி சொன்னால் அதே மருந்தைத் தொடர்வதா, வேறு பரிசோதனை தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். சம்பளம் கிடைக்கும் நாள், திருவிழா, அறுவடை ஆகியவற்றைக் கேட்டறிந்து, அடுத்த மருந்து நாளை அவற்றோடு மோதாதபடி அன்றே குறித்து வாங்கி வாருங்கள்.