வாடகை வீடு: வீட்டுக்காரர் பார்வையிட வரும்போது, அட்வான்ஸைத் திரும்பக் கேட்கும்போது

சென்னையில் வீடு காலி செய்யும் நாளில் எழும் தகராறெல்லாம் ஒரே கேள்வியில் வந்து நிற்கும்: இந்தச் சேதம் நீங்கள் குடிவருவதற்கு முன்பே இருந்ததா, நீங்கள் வந்தபிறகு ஆனதா? பால் காய்ச்சுவதற்கு முன்பே இதற்கான பதிலைப் படமாகவும் எழுத்தாகவும் எடுத்து வைத்துக்கொண்டவருக்கு அட்வான்ஸ் பெரும்பாலும் முழுதாகக் கைக்கு வந்துவிடும். வாய்ப்பேச்சை நம்பியவரிடம் பெயின்டுக்கு இவ்வளவு, பிளம்பருக்கு இவ்வளவு என்று பிடித்துக்கொள்வார்கள்.

வீடு பார்க்கும்போது

பகல் வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். காலை 7 மணி வாக்கில் இன்னொரு முறை போய்க் குழாயைத் திறந்து பாருங்கள். எல்லா வீட்டிலும் குளியலும் சமையலும் நடக்கும் நேரம் அது. அப்போதும் மேல்தளத்தில் தண்ணீர் நன்றாக வந்தால் கவலையில்லை. கோடையில் லாரித் தண்ணீர் வாங்குவார்களா, அந்தச் செலவை யார் யார் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

ஓதம்தான் பெரிய தொல்லை. புதிதாகப் பெயின்ட் அடித்த சுவரில் அது கண்ணுக்குத் தெரியாது. தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். ஓரிடம் மட்டும் சில்லென்று இருந்தாலோ, தட்டினால் பொத்தென்று சத்தம் வந்தாலோ சந்தேகப்படுங்கள். பாத்ரூமை ஒட்டிய படுக்கையறைச் சுவரை விட்டுவிடாதீர்கள். டைல்ஸ் இடுக்கில் பூசிய சிமென்ட் போய்விட்டால் தண்ணீர் அந்த வழியாகத்தான் இறங்கும். மறுபக்கம் பெயின்ட் கொப்புளம் கட்டும், பிறகு உப்புப் பூத்து உதிரும். அந்த இடத்தில் பீரோ நின்றால் நகர்த்தச் சொல்லுங்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள வீடு என்றால் கூரையில் பழுப்பு வளையம் தெரிகிறதா என்று பாருங்கள். போன மழைக்காலத்தில் ஒழுகிய இடம் அது. வரும் அக்டோபர், நவம்பரிலும் அங்கேதான் ஒழுகும்.

அடுத்தது ஈபி மீட்டர். வீட்டின் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு மீட்டரிலுள்ள சின்ன விளக்கைக் கவனியுங்கள். அப்போதும் அது விட்டுவிட்டு மின்னினால் படிக்கட்டு விளக்கோ மோட்டாரோ உங்கள் மீட்டரில் ஓடிக்கொண்டிருக்கலாம். பல போர்ஷன்களுக்கு ஒரே இணைப்பு என்றால் எல்லாருடைய யூனிட்டும் சேர்ந்து கட்டணம் மேல் அடுக்குக்கு ஏறும். யூனிட்டுக்கு எவ்வளவு வாங்குவார்கள் என்பதை ஒப்பந்தத்தில் எழுத வைத்துவிடுங்கள்.

பாத்ரூம் தரையில் இரண்டு வாளித் தண்ணீரைக் கொட்டி, தேங்காமல் வடிகிறதா என்று பாருங்கள். ஃப்ளஷ் டேங்கில் சில சொட்டு நீலம் விட்டுக் கால் மணி நேரம் யாரும் ஃப்ளஷ் பண்ணாமல் விடுங்கள். கீழே டாய்லெட் பேசினில் நிறம் இறங்கினால் உள்ளே வாஷர் போயிருக்கிறது. நாள் முழுக்கத் தண்ணீர் வீணாகும் கசிவு இது, சத்தமே கேட்காது. எலக்ட்ரிக் பெட்டியில் டெஸ்ட் பட்டன் உள்ள ட்ரிப் ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். அதை அழுத்தினால் கரன்ட் உடனே போகவேண்டும். போகாத வீட்டில் கீசர் போட்டுக் குளிப்பது ஆபத்து. சாவி வாங்கும் முன்பே மாற்றித் தரச் சொல்லுங்கள்.

சாவி வாங்கும் நாள்

சாமான் இறக்கும் முன், காலி வீட்டை வாசல் கதவிலிருந்து தொடங்கி நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். ஒவ்வோர் அறையிலும் நான்கு சுவர், கூரை, தரை, ஜன்னல் என்று வரிசையாகப் போங்கள். விரிசல், உடைந்த டைல், கழன்ற தாழ்ப்பாள் எல்லாவற்றையும் தனியாகப் படம் எடுங்கள். விரிசலுக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து எடுத்தால் அதன் அளவு பின்னாலும் தெரியும். மீட்டர் ரீடிங்கையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே எல்லாவற்றையும் வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, உங்கள் மின்னஞ்சலுக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள். போன் தொலைந்தாலும் அது இருக்கும்.

கூடவே ஒரு தாளில் அறைவாரியாக ஃபேன், டியூப்லைட், கீசர், சாவிகளின் எண்ணிக்கை, ஒவ்வொன்றின் நிலை எல்லாம் எழுதி, இரண்டு பிரதியில் இருவரும் கையெழுத்துப் போடுங்கள். கையெழுத்துக் கேட்கச் சங்கடமாக இருந்தால், “அங்கிள், ரெண்டு பேருக்கும் நல்லது, பின்னாடி குழப்பம் வராது” என்று சொன்னால் பெரும்பாலோர் போட்டுவிடுவார்கள்.

ஒப்பந்தத்தில் இருக்கவேண்டியவை

தமிழ்நாட்டில் இப்போது நடப்பில் உள்ளது, 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22இல் அமலுக்கு வந்த சொத்து உரிமையாளர் - வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவேண்டும் என்கிறது அது. 11 மாத ஒப்பந்தம் என்றால் எதுவும் வேண்டாம் என்று புரோக்கர் சொல்வது சார்பதிவாளர் அலுவலகத்துக்கு மட்டும்தான் பொருந்தும். வாடகைப் பதிவு வேறு, அதை அரசின் இணையதளத்திலேயே செய்யலாம்.

அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்பது சட்டத்தின் பொதுவிதி. ஆனால் இருவரும் வேறு தொகைக்கு ஒப்புக்கொண்டால் அது செல்லும். பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் ஓடுவதற்கு அந்த இடைவெளியும் ஒரு காரணம். ஆகவே பேரம் பேசவேண்டிய இடம் கையெழுத்துக்கு முன்னால்தான்.

பெயின்ட் விஷயத்திலும் கவனம் தேவை. வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், கட்டட அமைப்பில் வரும் பழுது, குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் சட்டத்தின் அட்டவணைப்படி வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், ஸ்விட்ச், பிளக் பாயின்ட், கீசர் பழுது, அடைப்பு எடுப்பது, பூட்டு, உடைந்த கண்ணாடி உங்கள் பொறுப்பு. “காலி செய்யும்போது ஒரு மாத வாடகை பெயின்டுக்கு” என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தால் அதை நீக்கச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட்டபிறகு வாதாடுவது கடினம்.

வீட்டுக்காரர் பார்வையிட வரும்போது

வீடு அவருடையதுதான். ஆனாலும் நினைத்த நேரத்தில் உள்ளே வர முடியாது. பழுது பார்க்கவோ, வீடு குடியிருக்கும் நிலையில் இருக்கிறதா என்று பார்க்கவோ வருவதென்றால் 24 மணி நேரம் முன்பாக எழுத்தில் சொல்லவேண்டும். அதற்கு மேல் எந்தக் காரணத்துக்கு வரலாம் என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. புது ஆளுக்கு வீடு காட்டுவது அப்படிப்பட்ட காரணம். அதனால் இப்படி ஒரு வரி சேருங்கள்: “நோட்டீஸ் காலத்தில் மட்டும், வாரத்துக்கு இரண்டு நாள், மாலை 5 முதல் 7 மணிக்குள், முந்தின நாள் வாட்ஸ்அப்பில் தெரிவித்துவிட்டு வீடு காட்டலாம்.” வாட்ஸ்அப் செய்தியே எழுத்து அறிவிப்பாகக் கொள்ளப்படும் என்றும் சேர்த்தால் இருதரப்புக்கும் வசதி. வீட்டில் பெண்களோ வயதானவர்களோ தனியாக இருக்கும் நேரத்தைத் தவிர்க்கவும் இதில் இடம் கிடைக்கும்.

வருவதற்கு முன் உங்கள் பொறுப்பில் உள்ளதைச் சரிசெய்துவிடுங்கள்: சொட்டும் குழாய், ஃபியூஸ் போன பல்பு, அடுப்பு மேடைச் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு. போர்த் தண்ணீரால் டைல்ஸில் படியும் வெள்ளைக் கறைக்கு ஆசிட் ஊற்றாதீர்கள். கறை போகும், கூடவே டைல்ஸ் இடுக்குச் சிமென்டும் அரித்துப்போகும். அடுத்த மழைக்கு முன்பே பக்கத்து அறைச் சுவர் ஊற ஆரம்பிக்கும், பழியும் உங்கள் மேல் விழும்.

அவர் வரும்போது கட்டாயம் ஒருவர் கூடவே நடங்கள். சுவர், குழாய், வயரிங் பார்க்கலாம். உங்கள் பீரோவைத் திறக்கவேண்டிய வேலை யாருக்கும் இல்லை. ஓதம், ஒழுகல் எதுவாக இருந்தாலும் நீங்களே கைகாட்டிச் சொல்லிவிடுங்கள். மறைத்தால் பின்னால் உங்கள் அலட்சியம் என்று ஆகும். அவர் கிளம்பிய அரை மணி நேரத்துக்குள் படத்தோடு செய்தி அனுப்புங்கள்: “இன்று பார்த்ததில் பெட்ரூம் கிழக்குச் சுவரில் ஓதம், ஹால் ஃபேன் பாயின்ட் வயரிங் இரண்டையும் 15ஆம் தேதிக்குள் சரிசெய்வதாகச் சொன்னீர்கள்.” மறுப்பு வராத அந்தச் செய்தி உங்களுக்கு நல்ல சாட்சி.

சொல்லியும் செய்யாவிட்டால் கோபத்தில் வாடகையை நிறுத்திவிடாதீர்கள். வாடகை பாக்கி வெளியேற்றக் கேட்பதற்கு அவருக்குக் காரணமாகிவிடும். எழுத்தில் இன்னொரு முறை கேளுங்கள், பிறகு வாடகை அதிகாரியிடம் மனு கொடுங்கள். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவர்தான் அந்தப் பொறுப்பில் இருப்பார். தண்ணீரையோ கரன்ட்டையோ நிறுத்தி மிரட்டினாலும் அவரிடமே போகலாம், மீண்டும் வழங்க இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு.

காலி செய்யும்போது

நோட்டீஸை எழுத்தில் கொடுங்கள். கடைசி மாத வாடகையை அட்வான்ஸில் கழிப்பதானால் அவருடைய சம்மதமும் எழுத்தில் இருக்கட்டும். சாமான் ஏற்றி, கூட்டிப் பெருக்கிய பிறகு, கரன்ட் இருக்கும்போதே இருவருமாகச் சுற்றி வாருங்கள். கையில் முதல் நாள் பட்டியல் இருக்கட்டும். ஆணி அடித்த ஓட்டையைச் சுவர் பட்டி வைத்து அடைத்துவிடுங்கள், செலவு மிகக் குறைவு. நாள்பட்டு மங்கிய பெயின்ட், தேய்ந்த தரை எல்லாம் இயல்பான தேய்மானம், அதற்குப் பிடித்தம் கூடாது. பிடிப்பதானால் எந்த வேலைக்கு எவ்வளவு என்று பில்லோடு கேளுங்கள். பாக்கியைக் கழித்து மீதியை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தரவேண்டும் என்பது சட்டம். அன்றைய மீட்டர் ரீடிங், ஒப்படைத்த சாவிகளின் எண்ணிக்கை, உங்கள் வங்கிக் கணக்கு எண் மூன்றையும் ஒரே செய்தியில் அனுப்பிவிட்டு வண்டியில் ஏறுங்கள்.