காரின் கூரை எவ்வளவு தாங்கும்? எடை குறைந்த ரூஃப்டாப் டென்ட்டைத் தேர்ந்தெடுக்கவும் மாட்டவும் ஒரு வழிகாட்டி

ரூஃப்டாப் டென்ட் என்பது காரின் கூரைமேல் மாட்டிக்கொண்டு போய், நிறுத்திய இடத்தில் விரித்து, ஏணியில் ஏறிப் படுக்கும் கூடாரம். அதன் படத்தைப் பார்க்கும் முன், காரோடு வந்த கையேட்டை எடுங்கள். கூரைச் சுமை என்று ஓர் எண் அதில் இருக்கும். சிறிய கார்களில் பெரும்பாலும் 50 கிலோ, சற்றுப் பெரியவற்றில் 75, உயரமான பெரிய வண்டிகள் சிலவற்றில் 100. வண்டி ஓடும்போது கூரைமேல் இருக்கலாம் என்று அனுமதித்த மொத்த எடை இதுதான். டென்ட்டைப் பிடித்துப்போய் வாங்கிவிட்டு, பிறகு இந்த எண்ணைத் தேடுகிறவர்கள்தான் அதிகம். அப்போது மிஞ்சுவது இரண்டே வழி: டென்ட்டைத் திருப்பிக் கொடுப்பது, அல்லது ஆபத்தென்று தெரிந்தே ஓட்டுவது.

அந்த எண் முழுவதும் டென்ட்டுக்குச் சொந்தமில்லை. டென்ட்டைத் தாங்கக் கூரையின் குறுக்கே பொருத்தும் கம்பிகளான இரண்டு கிராஸ்பாரும் அவற்றின் கால்களும் சேர்ந்து 5 முதல் 8 கிலோ வரை வரும். அதை முதலில் கழிக்க வேண்டும். 50 கிலோ கூரையில் 6 கிலோ கிராஸ்பார் போனால் மிச்சம் 44. இனி விளம்பரத்தில் உள்ள எடையைப் பாருங்கள். '38 கிலோ' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அதில் ஏணி சேர்த்தியா? மெத்தை? மாட்டும் பிளேட்டும் போல்ட்டும்? ஏணி மட்டுமே 5 கிலோவை ஒட்டி வரும். சேர்க்கவில்லை என்றால் அந்த 38 உண்மையில் 45 ஆகிவிடும், கணக்கும் உதைக்கும். ஏணியைக் கழற்றி டிக்கியில் வைத்துக்கொண்டு ஓட்டுவது பலர் கையாளும் நல்ல வழி. கூரைமேல் எடை குறையக் குறைய வளைவில் வண்டி சாய்வதும் குறையும்.

கிராஸ்பாருக்கும் தனி வரம்பு உண்டு. கூரை 75 தாங்கும், கிராஸ்பார் 60தான் தாங்கும் என்றால் உங்கள் எண் 60. எது குறைவோ அதுவே கணக்கு. கண்ணாடிக் கூரை உள்ள காரா? சில மாடல்களில் கூரைமேல் எதையுமே ஏற்றக் கூடாது என்று கையேட்டிலேயே எழுதியிருக்கும். அதற்கு மாற்று வழி கிடையாது.

ஓடும்போது 75 கிலோதான் என்றால், நிறுத்திய பிறகு இரண்டு பேர் எப்படி மேலே ஏறிப் படுப்பது என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். ஓடும் வண்டியில் பிரேக் போடும்போதும் பள்ளத்தில் இறங்கும்போதும் கூரைச் சுமை தன் எடையோடு கூடுதல் விசையும் சேர்த்துக் கம்பிகளை இழுக்கிறது. உயரத்தில் எடை இருப்பதால் வண்டியின் சமநிலையும் கெடுகிறது. அதனால்தான் அந்த எண் அவ்வளவு சிறியது. நின்ற வண்டியில் இருப்பது சும்மா கீழே அழுத்தும் எடை மட்டுமே. நின்ற நிலைக்கான எண்ணைக் கையேடு தனியாகக் கொடுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். கொடுக்கவில்லை என்றால், ஓடும் எண்ணின் 3 மடங்கு என்று எடுத்துக்கொள்வது ஜாக்கிரதையான கணக்கு. 75 கிலோ கூரைக்கு 225. கிராஸ்பார் 6, டென்ட் 42, படுக்கை 8, இருவர் 150, ஆக 206. சரியாக இருக்கிறது. 50 கிலோ கூரைக்கு 150தான் வரும். அங்கே ஒருவர் படுக்கும் டென்ட் போதும் என்பதே எங்கள் கருத்து. கிராஸ்பார் தயாரிப்பாளரும் நின்ற நிலைக்கு ஓர் எண் தந்திருந்தால் அதையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

எடையை எங்கே குறைத்திருக்கிறார்கள்?

கெட்டி ஓடு கொண்ட டென்ட்கள் பெரும்பாலும் 60 கிலோவுக்கு மேல் போகும். துணி உறை போட்டு மடித்து விரிக்கும் வகை 45 முதல் 60 வரை. 45க்குக் கீழே வருவதைத்தான் இங்கே எடை குறைந்தது என்கிறோம். அந்த எடை எங்கோ ஓரிடத்தில் வெட்டப்பட்டிருக்கும். எங்கே என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

அகலத்தில் வெட்டியிருந்தால் நல்லது. 140 செ.மீ. அகலத்தை 120 ஆக்கினால் தரை, மெத்தை, துணி, ஓடு எல்லாமே சேர்ந்து குறையும். இருவர் கொஞ்சம் நெருக்கிப் படுக்க வேண்டும், அவ்வளவுதான். கெட்டி ஓட்டுக்குப் பதில் துணி உறை என்பதும் ஏற்கத்தக்கதே. விரித்துச் சுருட்ட ஐந்து பத்து நிமிடம் கூடுதலாகும்.

தரையில் வெட்டியிருந்தால் கவனம் தேவை. தேன்கூட்டு அமைப்பு கொண்ட அலுமினியத் தரை எடை குறைவு, விறைப்பும் அதிகம். ஆனால் முழங்காலை ஒரே இடத்தில் ஊன்றி முழு எடையையும் போட்டால் மேல்தகடு குழிவிழலாம். அதில் நீங்களாக ஓட்டை போட்டு விளக்கோ கொக்கியோ மாட்டக் கூடாது. ஓட்டை வழியே நீர் உள்ளே போய்த் தங்கிவிடும், திருகும் உள்ளிருக்கும் மெல்லிய சுவர்களைப் பிடித்து நிற்காது. மெல்லிய பிளைவுட் தரை என்றால் ஓரங்கள் வார்னிஷோ பெயின்ட்டோ பூசி அடைக்கப்பட்டிருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பாருங்கள். அடைக்காத ஓரம் ஒரே மழைக்காலத்தில் நீர் குடித்து உப்பிவிடும்.

துணியில் வெட்டுவது எங்களுக்குப் பிடிக்காத சிக்கனம். பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த சதுர மீட்டருக்கு 280 கிராம் துணி கனமானது, ஆனால் ஈரத்தை வெளியே விடும். மெல்லிய பாலியெஸ்டர் நீரைத் தடுக்கும். உள்ளே இருப்பவர்களின் மூச்சு ஈரத்தையும் சேர்த்தே தடுக்கும். மெல்லிய துணி என்றால் எதிரெதிர்ப் பக்கங்களில் பெரிய ஜன்னல்கள் இருக்க வேண்டும். மேலே தனியாக ஒரு மழைத் திரையும் வேண்டும். அந்தத் திரையின் நீர்த்தடுப்பு (எவ்வளவு உயர நீர் நின்றாலும் துணி ஒழுகாமல் தாங்கும் என்ற அளவு) 2000 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும்.

மாட்டும் வேலை

தேவைப்படுவன: 13 மி.மீ. ஸ்பேனர் இரண்டு (பெரும்பாலான டென்ட்களில் வருவது 8 மி.மீ. போல்ட்), அளவு நாடா, பழைய கம்பளி ஒன்று, கொஞ்சம் கிரீஸ், குறைந்தது மூன்று பேர். 40 கிலோவை இருவர் தூக்கிவிடலாம். ஆனால் தோளுக்கு மேல் தூக்கும்போது ஒருவர் தடுமாறினால் விழுவது காரின் கண்ணாடிமேல்தான்.

கிராஸ்பாரின் கால்கள் உட்காரும் இடத்தைக் கழுவித் துடையுங்கள். ரப்பருக்கு அடியில் மாட்டிய மணல் ஒவ்வொரு பயணத்திலும் பெயின்ட்டைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். இரண்டு கம்பிகளுக்கும் இடையே 75 செ.மீ. அளவில் இடைவெளி விடுங்கள். டென்ட் தயாரிப்பாளர் வேறு குறைந்தபட்சம் சொல்லியிருந்தால் அதுவே விதி. கம்பிகள் நெருங்கினால் டென்ட் முன்னும் பின்னும் ஆடும், போல்ட் தளரும். இடப்பக்கம் அளந்ததை வலப்பக்கமும் அளந்து ஒப்பிடுங்கள். ஒரு செ.மீ. கோணினாலும் டென்ட் கோணலாகத்தான் உட்காரும்.

தூக்குவதற்கு முன் பின்கதவை முழுதாகத் திறந்து, அதன் மேல்விளிம்பு எங்கே வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். டென்ட் அதற்கு முன்னாலேயே முடிய வேண்டும். கூரை ஆன்டெனாவையும் மறந்துவிடாதீர்கள். கம்பளியைக் கூரையில் விரித்து, டென்ட்டைப் பக்கவாட்டில் ஏற்றி, கம்பிகள்மேல் மெதுவாகத் தள்ளி நடுவில் கொண்டு வாருங்கள்.

இனி போல்ட். டென்ட்டின் அடியில் ஓடும் பள்ளத்தில் போல்ட்டின் தலையை நுழைத்து, கம்பிக்கு நேராக நகர்த்தி, கீழிருந்து பிளேட், வாஷர், பிறகு உள்ளே நைலான் வளையம் கொண்ட பூட்டு நட்டு. எட்டு போல்ட்டையும் கையால் முதலில் பிடிக்க வைத்துவிட்டு, மூலைக்கு மூலை மாறி மாறி இறுக்குங்கள். மின் ஸ்பேனரை இங்கே எடுக்கவே வேண்டாம். போல்ட்டும் நட்டும் இரண்டுமே ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருந்தால், வேகமாகச் சுற்றும்போது மரைகள் சூடேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதன்பின் நட்டு முன்னேயும் போகாது, பின்னேயும் வராது; போல்ட்டை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். மரையில் ஒரு பொட்டு கிரீஸ் வைத்து, கையால் நிதானமாகச் சுற்றினால் இந்தத் தொல்லை வராது.

எவ்வளவு இறுக்குவது என்பதைத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் ஸ்பேனரால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) செய்வது சிறந்தது. அது கையில் இல்லாதபோது பிளேட்டைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பாருங்கள். தட்டையாக, இரு முனையும் ஒரே அளவில் கம்பியை அணைத்திருந்தால் போதும். நடுவில் வில் போல வளைந்திருந்தால் அதிகம் இறுக்கிவிட்டீர்கள். அந்தப் பிளேட் அதிர்ச்சியில் உடையக்கூடும், காற்றைக் கிழித்துப் போகும் வடிவில் செய்த மெல்லிய கிராஸ்பாரும் நசுங்கலாம்.

கடைசியாக டென்ட்டின் முன்மூலையைப் பிடித்து நன்றாக உலுக்குங்கள். காரும் சேர்ந்து ஆட வேண்டும். கார் அசையாமல் டென்ட் மட்டும் ஆடினால் எங்கோ பிடிப்பில்லை. முதல் 50 கிலோமீட்டரில் நிறுத்தி எல்லா நட்டையும் மறுபடி பாருங்கள். புதிய ரப்பர் அமுங்கி இடம் கொடுத்திருக்கும்.

சாலையில்

வண்டியின் புதிய உயரத்தை அளந்து ஒரு சீட்டில் எழுதி, ஓட்டுநர் கண்ணில் படும் இடத்தில் ஒட்டுங்கள். தரைத்தளத்துக்குக் கீழே உள்ள வாகன நிறுத்தங்களில் டென்ட் முட்டும் விபத்து மிகச் சாதாரணம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80ல் போகிறவர் 100க்கு ஏற்றினால் எதிர்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. எரிபொருள் செலவும் கூடும், உறையின் பட்டைகள் படும் பாடும் கூடும். பட்டை ரீங்காரமிட்டால் அதை ஒரு முறுக்கு முறுக்கி மாட்டுங்கள், சத்தம் நின்றுவிடும். தொங்கும் நுனியை உள்ளே செருகிக் கட்டுங்கள்.

இரவு தங்கும் இடத்தில்

முதலில் தலையை உயர்த்திப் பாருங்கள். காய்ந்த கிளைக்கு அடியில் நிறுத்தாதீர்கள். தரை சமமா என்று போனில் உள்ள மட்டக் கருவியை மெத்தைமேல் வைத்துப் பார்க்கலாம். சரிவு தவிர்க்க முடியாதது என்றால் தலைப்பக்கம் உயரமாக இருக்கட்டும். பக்கவாட்டுச் சரிவில் தூக்கமே வராது, தாழ்ந்த சக்கரத்தின் கீழ் பலகை வைத்துச் சரிசெய்யுங்கள். கைபிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டையும் கொடுத்த பிறகே ஏணியில் கால் வைக்க வேண்டும்.

மடித்து விரிக்கும் வகையில் தரையின் பாதி காருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பாதியைத் தாங்குவது ஏணிதான். அதனால் ஏணியின் நீளத்தில் அலட்சியம் கூடாது. குட்டையாக விட்டால் தரை தொங்கி, கீல் பிளக்கப் பார்க்கும். நீளமாக விட்டால் தரை மேலே எழும்பி, அதே கீல் எதிர்ப்பக்கம் திணறும். இரு பாதியும் ஒரே மட்டத்தில், ஏணி நிலத்தோடு 70 முதல் 75 பாகை சாய்வில் நிற்க வேண்டும். ஏணியை இழுத்து நீட்டும்போது ஒவ்வொரு கணுவிலும் பூட்டுமுள் வெளியே வந்து 'டக்'கென்று விழுந்ததா என்று இரு பக்கமும் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பூட்டிய கணு ஏறும்போது சரிந்து விரலை நசுக்கும். மணலிலோ ஈர மண்ணிலோ ஏணியின் காலடியில் பலகை போடுங்கள். இல்லையென்றால் விடியும்போது ஏணி ஒரு சாண் புதைந்திருக்கும், தரையும் கூடவே இறங்கியிருக்கும்.

காற்று வரும் திசைக்கு டென்ட்டின் மூடிய, தாழ்ந்த பக்கத்தைக் காட்டி நிறுத்துங்கள். நீட்டிய பாதியின் அடியில் காற்று புகுந்தால் அது மூடிபோல மேலே தள்ளும். இடி மின்னல் நெருங்கினால் இறங்கிக் காருக்குள் உட்கார்ந்து கதவை மூடிக்கொள்ளுங்கள். உலோகக் கூரையுள்ள கார் மின்னலைத் தன் வெளிப்பக்கமாகவே தரைக்குக் கடத்திவிடும்.

அடுப்போ, கரியோ, எரிவாயு ஹீட்டரோ எந்தக் குளிரிலும் டென்ட்டுக்குள் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. தூங்குகிறவருக்கு அது தெரிய வழியே இல்லை.

காலையில் மெத்தையின் அடி நனைந்திருந்தால் மழை ஒழுகியதாக நினைத்துவிடாதீர்கள். உடம்புச் சூட்டில் இறங்கும் ஈரம், கீழே குளிர்ந்து கிடக்கும் தரையில் பட்டு நீராகிறது. அலுமினியத் தரையில் இது அதிகம். மெத்தைக்கு அடியில் ஒரு செ.மீ. கனமுள்ள முப்பரிமாண வலைப்பாய் விரித்தால் இடையில் காற்று ஓடும். இரவு முழுவதும் எதிரெதிர் ஜன்னல்களை ஒரு கையளவாவது திறந்து வையுங்கள். எழுந்ததும் மெத்தையைத் தூக்கி நிறுத்தித் துடைத்துவிடுங்கள்.

மூடுவதும் காய வைப்பதும்

மூடும்போது ஓர் ஆள் சுற்றி நடந்து துணி முழுதும் உள்ளே போகிறதா என்று பார்க்க வேண்டும். விரல் நீளத் துணி வெளியே தெரிந்தால் போதும், விளக்குத்திரி எண்ணெய் இழுப்பதுபோல அது மழைநீரை உள்ளே இழுத்து மெத்தையை நனைத்துவிடும். டென்ட்டின் உட்புறத்தைச் சுற்றி ஒரு எலாஸ்டிக் கயிறு கட்டினால் துணி தானாகவே உள்நோக்கி மடியும்.

ஈரமாக மூட நேர்ந்தால் இரண்டு நாளுக்குள் திறந்து காய வையுங்கள். பூஞ்சை ஒருமுறை பிடித்தால் நாற்றம் போனாலும் கறை போகாது. பருத்தி கலந்த புதுத் துணியை முதல் பயணத்துக்கு முன்பே தண்ணீர் தெளித்து நனைத்து, காயவிட்டு, மறுபடி நனையுங்கள். நூல் உப்பித் தையல் துளைகளை அடைத்துக்கொள்ளும். முதல் நனைப்பில் ஒன்றிரண்டு சொட்டு ஒழுகுவது இயல்பே.

பயணம் இல்லாத மாதங்களில் டென்ட்டைக் கழற்றி, மரக்கட்டைகள்மேல் படுக்க வையுங்கள். கழற்றும் முன் கிராஸ்பாரில் பிளேட் இருந்த இடத்தையும், கூரையில் கிராஸ்பாரின் கால்கள் இருந்த இடத்தையும் டேப் ஒட்டிக் குறித்துவிட்டால் அடுத்த முறை அளவு நாடா தேவைப்படாது. பூட்டு நட்டுகளை மட்டும் புதிதாக வாங்கிப் போடுங்கள். பலமுறை கழற்றி மாட்டியதில் அவற்றின் நைலான் வளையம் பிடிப்பை இழந்திருக்கும்.