மின்னோட்டம் நின்றது சரி, எங்கே நின்றது?

காரைக்குடிப் பக்கம் உடலியங்கியல் படிக்கும் பிள்ளைகளின் விடைத்தாளில் அடிக்கடி கண்ணில் படும் வரி இது: "மருந்து போட்டதும் மின்னோட்டம் நின்றது, ஆகவே மருந்து அயனிச் சேனலை அடைத்தது." (அயனிச் சேனல் என்பது செல் சவ்வில் அயனிகள் போகவரும் துளை.) முதல் பாதியில் குறையில்லை. அந்த "ஆகவே"தான் இடிக்கிறது.

இதயத்தின் மேலறைச் செல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். மூளையிலிருந்து வரும் வேகஸ் நரம்பு விடும் அசிட்டைல்கோலின், செல்லின் மேலுள்ள எம்2 ஏற்பி என்ற புரதத்தில் ஒட்டுகிறது. ஏற்பி, சேதியை உள்ளே கடத்தும் ஜி புரதத்தை முடுக்க, அதிலிருந்து பிரியும் பீட்டா-காமா பகுதி நேரே போய்ப் பொட்டாசியம் சேனலைத் திறக்கிறது, துடிப்பு தளர்கிறது. அட்ரோபின் என்ற மருந்து இதை ஏற்பியிலேயே மறிக்கும். கக்குவான் கிருமியின் பெர்டூசிஸ் நச்சு, ஏற்பிக்கும் ஜி புரதத்துக்கும் உள்ள தொடர்பை அறுக்கும். பேரியம் சேனலின் துளைக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும். மூன்றில் எதைப் போட்டாலும் அசிட்டைல்கோலினுக்கு வரவேண்டிய மின்னோட்டம் வராது. ஆனால் சேனல் தடுப்பான் என்று சொல்லத் தகுந்தது பேரியம் மட்டும்தான். பெர்டூசிஸ் நச்சு "உடனே நிறுத்தியது" என்று எழுதுவோரும் உண்டு. அது செல்லுக்குள் நுழைந்து வேலையை முடிக்க மணிக்கணக்காகும்.

ஜி புரதம் என்றாலே, செல்லுக்குள் சேதி கடத்தும் சிறு மூலக்கூறான சைக்ளிக் ஏஎம்பி வழியாகத்தான் என்று எழுதிவிடுவது இன்னொரு பழக்கம். காலராவுக்கு அது பொருந்தும்: ஜி புரதத்தின் ஆல்ஃபா பகுதி அணையாமல் நிற்க, சைக்ளிக் ஏஎம்பி பெருகி, குடலின் குளோரைடு சேனல் திறந்தே கிடக்கும். மேலே சொன்ன இதயச் சேனலுக்கு அந்தச் சுற்றுவழி தேவையே இல்லை.

சேனலை நேரே திறப்பது, ஜி புரதம் வழியாகத் திறப்பது என்ற இரண்டு வகையும் நம்மூர் விருந்து இலையிலேயே இருக்கின்றன. கோழி வறுவலின் மிளகாயில் உள்ள கேப்சைசின், டிஆர்பிவி1 என்ற சேனலைத் தானே திறக்கும். மிளகின் பைப்பரினும் அப்படியே. (இந்தச் சேனலை 1997-இல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது.) கவுனி அரிசியின் இனிப்போ ஏற்பி, ஜி புரதம், கால்சியம் என்று படிப்படியாகப் போய்த்தான் டிஆர்பிஎம்5 சேனலைத் திறக்கிறது. அதற்காக "காரத்துக்கு ஜி புரதத்தோடு சம்பந்தமே இல்லை" என்று ஒரேயடியாக எழுதிவிடாதீர்கள். புண்பட்ட இடத்தில் சுரக்கும் பிராடிகினின், ஜி புரதம் வழியாகவே டிஆர்பிவி1-ஐக் கூர்மையாக்கும். வாய்ப்புண்ணோடு வறுவல் சாப்பிட்டவர்களுக்கு அந்த எரிச்சலைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

ஒரு செல்லில் கண்டதை எல்லாச் செல்லுக்கும் நீட்டுவதும் தவறு. டெட்ரோடோடாக்சின் என்ற நச்சு பெரும்பாலான நரம்புச் சோடியம் சேனல்களைச் சில நானோமோலார் என்ற மிகச் சிறிய செறிவிலேயே அடைத்துவிடும். இதயத்தின் சோடியம் சேனலுக்கு, நானோமோலாரைப் போல ஆயிரம் மடங்கான மைக்ரோமோலார் அளவு வரை ஏற்றவேண்டும்.

பேட்ச் கிளாம்ப், அதாவது செல்லில் ஒரு நுண்குழாயை (பிப்பெட்) ஒட்டி மின்னோட்டத்தை அளப்பது, செய்பவர்கள் சறுக்கும் இடம் வேறு. பிப்பெட் கரைசலில், ஜி புரதம் இயங்கத் தேவையான குவானோசின் ட்ரைபாஸ்பேட் சேர்க்க மறந்தால், செல்லுக்குள் இருந்தது கரைந்து பிப்பெட்டுக்குள் போய்விடும். அசிட்டைல்கோலினுக்கு வரும் பதில் கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். பழி மருந்தின் மேல் விழும்.

எங்கே நின்றது என்று பிரித்தறிய, குவானோசின் ட்ரைபாஸ்பேட்டின் சிதையாத போலி வடிவத்தைப் பிப்பெட்டில் வைத்துப் பாருங்கள்; அது ஏற்பியின் தூண்டல் இல்லாமலே ஜி புரதத்தை மெல்ல முடுக்கும். அட்ரோபின் இருந்தும் மின்னோட்டம் மெல்ல எழுந்தால், ஜி புரதமும் சேனலும் நன்றாக இருக்கின்றன, மறிப்பு ஏற்பியில்தான். பேரியம் இருக்கும்போது அதுவும் எழாது. ஆனால் பேரியம் இதே குடும்பத்தின் வேறு பொட்டாசியம் சேனல்களையும் சேர்த்தே அடைக்கும். எனவே அசிட்டைல்கோலின் இல்லாமல் ஒரு பதிவு எடுத்து, அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.