லங்காவியில் வாடகைக் கார்: நான் செய்ததை நீங்களும் செய்யாதீர்கள்

போன மாதம் எங்கள் தெருப் பையன்கள் நாலு பேர் மலேசியாவில் இருக்கும் லங்காவித் தீவுக்குப் போய்விட்டு வந்தார்கள். பழைய வண்ணாரப்பேட்டை டீக்கடையில் உட்கார்ந்து போட்டோ காட்டினார்கள். ஒரு படத்தில் வாடகைக் கார் நாலு சக்கரமும் ஈர மணலில் நிற்கிறது, பின்னால் கடல். எனக்கு டீ இறங்கவில்லை. "ஒண்ணும் ஆகலையே அண்ணா" என்று சிரித்தார்கள். 8 வருடத்துக்கு முன்னால் எனக்கு ஆனது!

சீட் பெல்ட் போடுங்கள் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. மலேசியாவிலும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். எண்ணூர் ரோட்டில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓட்டிப் பழகியவனுக்கு அந்த ரோடெல்லாம் ஒரு விஷயமே இல்லை. அந்தத் தெனாவட்டில்தான் மாட்டுகிறோம்.

கடல் நமக்குத் தெரியும் என்று நினைப்பது

காசிமேட்டுப் பக்கம் வளர்ந்தவன் நான். எங்கள் கடலில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் வித்தியாசம் சுமார் 1 மீட்டர். அதுவும் கரையில் கொட்டியிருக்கும் பாறாங்கல்லில் மோதி நின்றுவிடும். கடலுக்குப் போகிறவர்களைத் தவிர யாரும் அதைக் கவனிப்பதில்லை. லங்காவியில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி 2 மீட்டருக்கு மேல் ஏறும். கரையும் தட்டை. வடக்கே தஞ்சுங் ரூ கடற்கரையில் தண்ணீர் இறங்கியிருந்தால் எதிரே உள்ள குட்டித் தீவுக்கு மணலிலேயே நடந்து போகலாம். சுமார் 6 மணி நேரம் கழித்துப் பார்த்தால் நடந்த இடமெல்லாம் கடல்.

நான் போனது பௌர்ணமிக்கு மறுநாள், காலை ஏழரை மணி. மணல் சிமெண்ட் தரை மாதிரி இறுகிக் கிடந்தது. ஏதோ ஒரு வண்டி இறங்கிப் போன தடமும் இருந்தது. நம்பி இறக்கினேன். பிள்ளைகளோடு மணல்திட்டில் நடந்து, மேலே ஒரு கடையில் சாப்பிட்டு, பத்தரைக்குத் திரும்பினால் சக்கரத்தில் பாதி தண்ணீரில். ரிவர்ஸ் போட்டு மிதித்தேன். முன்சக்கரம் சுற்றிச் சுற்றிக் குழியை ஆழமாக்கியதுதான் மிச்சம். படகுக்காரர்கள் கயிறு கட்டி, ஒரு ஜீப்பை வைத்து இழுத்து முடிப்பதற்குள் உள்ளே விரிப்பெல்லாம் உப்புத் தண்ணீர்.

காரை வாடகைக்கு விட்டவர் திட்டவில்லை. நான் படிக்காமல் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் ஒரு வரியைக் காட்டினார்: கடற்கரையில் இறக்கினால் இன்சூரன்ஸ் கிடையாது. விரிப்பு, பிரேக், வீல் பேரிங், ஒயரிங் எல்லாம் என் தலையில். 2 நாளுக்கு எடுத்த காருக்கு 15 நாள் வாடகை அளவுக்குக் கட்டினேன். "உப்புக்காத்துல ஸ்கூட்டர் துருப்பிடிக்குதுன்னு தினம் புலம்புற மனுஷன், காரைக் கடல்லயே இறக்கிட்டாரு" என்று என் மனைவி இன்றைக்கும் சொந்தக்காரர்களிடம் சொல்கிறாள்.

கரையில் சருகும் குப்பையும் ஒதுங்கி ஒரு கோடாகக் கிடக்கும். முந்தின ஏற்றம் அதுவரை வந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கோட்டுக்குக் கீழே கார் போகக்கூடாது. என்னைக் கேட்டால் மணலுக்கே போகக்கூடாது. தார் ரோட்டில் நிறுத்திவிட்டு நடங்கள். மணலில் வேறு வண்டியின் தடம் இருக்கிறதே என்றால், அவன் போய்விட்டான், நீங்கள்தான் நிற்கிறீர்கள்.

பெர்மிட்டை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பது

முடியாது. சர்வதேச ஓட்டுநர் அனுமதியைக் கிளம்புவதற்கு முன்பே நம் ஊர் ஆர்டிஓவில் வாங்க வேண்டும். கட்டணம் 1,000 ரூபாய், 1 வருடம் செல்லும். காரை வாடகைக்கு விடுகிறவர் கேட்காமலே சாவியைக் கொடுப்பார். போலீஸ் கேட்பார்.

பெட்ரோல் பங்கில் உட்கார்ந்தே இருப்பது

யாரும் வர மாட்டார்கள். உள்ளே போய்ப் பணம் கட்டிவிட்டு நீங்களே அடிக்க வேண்டும்.

ரவுண்டானாவில் மூக்கை நுழைப்பது

வலப்பக்கம் வருகிற வண்டிக்கு வழி விட வேண்டும். மூலக்கொத்தளத்து வழக்கத்தை விமானம் ஏறும்போதே விட்டுவிடுங்கள்.

பிரேக்கிலேயே மலை இறங்குவது

லங்காவியின் குனுங் ராயா மலை 881 மீட்டர் உயரம். நமக்குத் தெரிந்த ஏற்றமெல்லாம் பேசின் பிரிட்ஜ் மேம்பாலம்தான். பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் அது சூடாகி, கடைசியில் பிடிக்காது. ஆட்டோமேட்டிக் வண்டியானாலும் சின்ன கியருக்கு மாற்றி இறங்குங்கள்.

இரவில் விரட்டி ஓட்டுவது

ரோட்டில் எருமை நிற்கும்.