கல்யாணமாகி வெளிநாடு வந்தவர்களுக்கு: பிள்ளைகளுக்காக வீட்டு நினைவுகளைப் பதிவு செய்வது எப்படி?

குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் பிறந்து, கல்யாணமாகிக் கனடாவுக்கோ ஜெர்மனிக்கோ போய்ச் சேர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான், டேன்டீ (தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீட்டிலிருந்து டொராண்டோவுக்கு வந்தவள். நம் பிள்ளைகளுக்கு நீலகிரி என்றால் மலை ரயிலும் மலர்க் கண்காட்சியும்தான். அந்தப் படமெல்லாம் இணையத்தில் எப்போதும் கிடைக்கும். கொழுந்து எடுத்துவிட்டு வரும் அம்மா நனைந்த படங்கை (இடுப்பில் கட்டும் சாக்கு அல்லது தார்ப்பாய்) எங்கே காயப்போடுவார், விறகு ஈரமான அன்று வீட்டில் என்ன சமையல், இதெல்லாம் தேடினாலும் கிடைக்காது. அதைத்தான் பதிவு செய்ய வேண்டும்.

முதல் வேலை: குரல் மட்டும் போதும்

வீடியோ வேண்டாம். கேமரா என்றதும் அம்மா புடவை மாற்றி, தலை வாரி, பேட்டி கொடுப்பது மாதிரி விறைப்பாக உட்கார்ந்துவிடுவார். போனில் ஏற்கெனவே இருக்கும் வாய்ஸ் ரெக்கார்டர் போதும், தனியாக மைக் வாங்க வேண்டியதில்லை. ஊரில் இருக்கும் தம்பியையோ அண்ணன் மகளையோ அவர்கள் போனில் ரெக்கார்டரைப் போட்டு, மடித்த துண்டின் மேல் அம்மாவுக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் அங்கே இருக்கும் இன்னொரு போனுக்குக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் பேசுங்கள். துண்டு எதற்கு என்றால், மேசையில் டம்ளர் வைக்கிற சத்தம்கூடப் பதிவில் இடி மாதிரி விழும். பதிவு செய்கிறோம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், அம்மாவாக இருந்தாலும் சரி.

ஐப்பசி, கார்த்திகை மாதச் சாயங்காலங்களைத் தவிர்ப்பது நல்லது, தகரக் கூரையில் மழை விழுந்தால் பேச்சு கேட்காது. ஆனால் அந்த மழைச் சத்தத்தைத் தனியாக ஒரு நிமிடம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், அதுவும் நம் வீடுதான்.

அடுத்து, கேள்வி

இதில்தான் எல்லாமே இருக்கிறது. "உங்க பழைய கதையைச் சொல்லுங்கம்மா" என்று கேட்டால் "என்னத்தடி சொல்ல" என்று முடிந்துவிடும். கையால் தொடக்கூடிய பொருளைப் பற்றிக் கேளுங்கள். ரேஷன் மண்ணெண்ணெய் எந்தக் கேனில் இருந்தது? காட்டுமாடு வாசலில் நின்றால் யார் விரட்டினார்கள்? வர்க்கி (ஊட்டிப் பக்கத்து மொறுமொறு பிஸ்கட்) வாங்கி வந்தால் முதல் பங்கு யாருக்கு?

எங்கள் அம்மாயி இலங்கையிலிருந்து வந்தவர். 1964-ல் இந்தியாவும் இலங்கையும் போட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்குத் திரும்பியவர்களில் எங்கள் குடும்பமும் உண்டு. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களை ஆரம்பித்தார்கள். இந்த வரலாறு புத்தகத்தில் இருக்கிறது, அதை அம்மாயியிடம் கேட்க வேண்டியதில்லை. "தலைமன்னார்ல கப்பல் ஏறுறப்ப கையில என்ன சாமான் இருந்துச்சு? மண்டபம் கேம்ப்ல சோறு யார் பொங்குனது?" என்று கேட்டால் (மண்டபம், வந்தவர்களை முதலில் தங்கவைத்த முகாம்) பேச்சு தானாக ஓடும். நடுவில் கொஞ்சம் மௌனம் வரும், அதை நிரப்பப் போகாதீர்கள். "இல்லம்மா, அது பெரிய மாமா இல்ல, சின்ன மாமா" என்று திருத்தவும் போகாதீர்கள். அப்பா வேறு மாதிரி சொன்னால் அதையும் தனியாகப் பதிந்து இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

வருடம் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. எம்.ஜி.ஆர். இறந்ததற்கு (1987 டிசம்பர்) முன்னாடியா பின்னாடியா, மலையெல்லாம் சரிந்த 2009 நவம்பர் மழைக்கு முன்னாடியா என்று கேளுங்கள், பாதி வேலை முடிந்துவிடும்.

பெயர் வைப்பதும் பத்திரப்படுத்துவதும்

"புது ரெக்கார்டிங் 14" என்று விட்டுவைத்தால் பத்து வருடம் கழித்துப் பிள்ளைக்கு ஒன்றும் புரியாது. 2025-03-16 அம்மா மண்ணெண்ணெய் கேன், இப்படி வருடம், மாதம், தேதி என்ற வரிசையில் பெயர் வையுங்கள், கம்ப்யூட்டர் தானாகவே காலவரிசையில் அடுக்கிக்கொள்ளும். மாதத்தை 3 என்று போடாமல் 03 என்று போட வேண்டும், இல்லாவிட்டால் வரிசை குழம்பும். ஒரு பிரதி லேப்டாப்பில், ஒன்று தனி ஹார்டு டிஸ்கில், ஒன்று கூகுள் டிரைவ் மாதிரி வெளியே எங்காவது.

பழைய போட்டோக்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்துதான் வரும், அதனால் டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். மலை ஈரத்தில் ஆல்பம் பூஞ்சை பிடிப்பது உங்களுக்கே தெரியும், ஆகவே அடுத்த முறை ஊருக்குப் போகும்போது முதலில் கை வைக்க வேண்டியது அதில்தான். பசைத் தாளில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள், பக்கத்தோடு அப்படியே ஸ்கேன் செய்யுங்கள். சின்னப் படம் என்றால் ஸ்கேனரில் 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) வையுங்கள். படத்தின் பின்னால் பெயரை மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும்.

இங்கே நடப்பதையும் பதியுங்கள்

இதைப் பெரும்பாலும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பிள்ளையின் சின்ன வயது இங்கேதான் நடக்கிறது, குன்னூரில் இல்லை. வந்த புதிதில் சூட்கேஸில் என்ன இருந்தது, முதல் பனியில் எந்தச் செருப்போடு வெளியே போனீர்கள், கணவரோடு முதல் சண்டை எந்தப் பாத்திரத்துக்காக வந்தது, இதையெல்லாம் பாத்திரம் துலக்கிக்கொண்டே உங்கள் குரலில் சொல்லி வையுங்கள். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்காத பிள்ளைக்குக்கூட அம்மா பேச்சு புரியும்.

நேரம் பற்றி ஒரு வார்த்தை. டொராண்டோவில் கோடையில் ஒன்பதரை மணி நேரம், குளிர்காலத்தில் பத்தரை மணி நேரம் நாம் பின்னால் இருக்கிறோம். நமக்கு ஞாயிறு காலை எட்டு என்றால் ஊரில் சாயங்காலம் ஐந்தரை அல்லது ஆறரை, அம்மா டீ குடித்து முடித்திருப்பார். சீரியல் ஆரம்பிப்பதற்குள் கூப்பிட்டுவிடுங்கள்.