சாட்பாட் போடும் நீளக்கோட்டைத் தமிழில் எப்படி எடுப்பது

அப்பாவின் மணிவிழாவுக்காக எங்கள் காரைக்குடி வீட்டைப் பற்றி நான்கு பக்கம் எழுதி, எழுத்துப்பிழை பார்க்க மட்டும் ஒரு சாட்பாட்டிடம் கொடுத்தேன். பிழை எல்லாம் போய்த்தான் திரும்பி வந்தது. வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், உட்கார்ந்து அப்பத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன், இரண்டாவது பத்தியிலேயே "யாருப்பா எழுதுனது இது? மேடையில யாரோ பேசுற மாதிரி இருக்கே" என்று கேட்டார்கள். நிறுத்தக்குறி எதையும் பார்க்காமல் காதால் கேட்டே கண்டுபிடித்துவிட்டார்கள். அப்புறம் என் மின்னஞ்சல்களை எடுத்துப் பார்த்தால், ஒரு வருடமாக நானே தட்டச்சு செய்தவற்றிலும் அதே நீளக்கோடு (—), எதைச் சொன்னாலும் மும்மூன்றாக அடுக்கும் அதே பழக்கம். அதுதான் எனக்கு உறைத்தது. ஒரு வாரம் உட்கார்ந்து சரிசெய்த முறை இது.

படி 1: கோப்பை நகல் எடுத்து வையுங்கள்.

படி 2: கோடுகளைத் தேடுங்கள். வேர்டில் கண்ட்ரோலும் ஹெச்சும் அழுத்தி, தேடும் பெட்டியில் ^+ என்று போட்டால் நீளக்கோடு கிடைக்கும், ^= போட்டால் அதைவிடச் சிறிய கோடு. நான் லிப்ரே ஆபிஸ்தான் பரிந்துரைப்பேன், இலவசம், பழைய கணினியிலும் ஓடும். அதில் அந்தக் கோட்டையே நகலெடுத்துத் தேடும் பெட்டியில் ஒட்டிவிடலாம். சாதாரண இணைப்புக்கோட்டைத் தொடாதீர்கள், '1942-45' போன்ற ஆண்டுகள் கெட்டுப்போகும்.

படி 3: இங்கேதான் எனக்கு மூன்று நாள் போனது. எல்லாக் கோட்டையும் ஒரே அழுத்தில் காற்புள்ளியாக மாற்றினேன். எங்கள் நகரத்தார் குலக்கோயிலைப் பற்றிய 'நேமம் — ஒன்பது நகரக் கோயில்களில் ஒன்று — எங்கள் கோயில்' என்பது 'நேமம், ஒன்பது நகரக் கோயில்களில் ஒன்று, எங்கள் கோயில்' என்று ஆகி, ஏதோ மூன்று கோயிலைச் சொல்வதுபோல் நின்றது. ஆங்கிலத்தில் அந்தக் கோடு செய்யும் வேலையைத் தமிழில் விகுதிகள் செய்கின்றன. அதனால் கோட்டுக்குப் பதில் வேறு குறியைத் தேடாதீர்கள், வாக்கியத்தையே பிரித்துக் கட்டுங்கள்: 'ஒன்பது நகரக் கோயில்களில் ஒன்றான நேமம் எங்கள் கோயில்.' அந்த 'ஆன' போதும்.

இன்னொன்று. 'ஐயா 1942இல் பர்மாவிலிருந்து திரும்பினார் — ஜப்பான் படை வந்துவிட்டது.' இங்கே கோடு ஒரு காரணத்தை மறைத்து வைத்திருக்கிறது. 'ஜப்பான் படை வந்துவிட்டதால் ஐயா 1942இல் பர்மாவிலிருந்து திரும்பினார்' என்றால் சரி. 'அப்பா, அம்மா, மற்றும் அப்பத்தா' என்று வருவதையும் விடாதீர்கள், 'அப்பாவும் அம்மாவும் அப்பத்தாவும்' என்றால் காற்புள்ளியும் வேண்டாம், மற்றும் வேண்டாம். ஓலைச்சுவடிகளில் இந்தக் குறிகள் எதுவும் கிடையாது, காற்புள்ளி முற்றுப்புள்ளி எல்லாம் ஐரோப்பியர் வழியாக அச்சோடு நமக்கு வந்தவை. அதற்கு முன் எத்தனையோ நூற்றாண்டுகள் உம்மையும் எச்சமும் வேற்றுமை உருபுமே வாக்கியத்தைத் தாங்கியிருக்கின்றன, அதை நாம் கைவிடுவது எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கிறது.

எந்த விகுதி போட்டும் காப்பாற்ற முடியாத வாக்கியங்களும் உண்டு. 'அது வெறும் வீடல்ல — தலைமுறைகளின் மூச்சு' என்று எந்த ஊர் வீட்டைப் பற்றியும் எழுதலாம். வெட்டிவிட்டு உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள். நான் 'மழை பெய்தால் வளவில் கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் அண்டா வைத்துப் பிடிப்போம்' என்று எழுதினேன்.

படி 4: வீட்டில் வயதானவர் ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். இதற்கு ஈடான மென்பொருள் எதையும் நான் பார்க்கவில்லை. இந்த முறை அப்பத்தா குறுக்கிட்டது ஒரே இடத்தில்தான்: "அண்டா இல்லப்பா, கங்காளம்." மாற்றிவிட்டேன்.

படி 5: அடுத்த ஒரு மாதத்துக்கு முதல் வரைவைத் தாளில் பேனாவால் எழுதுங்கள். பழக்கம் விரலில் இருக்கிறது, தட்டச்சில் அது தானாக வந்துவிடுகிறது. சாட்பாட்டிடம் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் 'எழுத்துப்பிழையை மட்டும் பட்டியலிடு, வாக்கியத்தை மாற்றாதே' என்று கேளுங்கள். திருத்தத்தை நீங்களே கையால் போடுங்கள்.

சேர்க்கை: எடுத்த பிறகும் கோடு திரும்ப வருகிறது என்று இருவர் கேட்டிருந்தார்கள். அது சாட்பாட் செய்வது இல்லை. இரண்டு இணைப்புக்கோடு அடுத்தடுத்துப் போட்டால் வேர்டும் ஐபோனும் தாமாகவே கோடாக்கிவிடும். வேர்டில் தானியங்கித் திருத்த அமைப்பில் (AutoCorrect Options) 'AutoFormat As You Type' பகுதியிலுள்ள 'Hyphens (--) with dash' என்பதையும், ஐபோனில் கீபோர்டு அமைப்பில் ஸ்மார்ட் பங்க்சுவேஷனையும் அணைத்து வையுங்கள்.

இன்னொரு சேர்க்கை: தேவகோட்டையிலிருந்து ஓர் ஆசிரியர் எழுதியிருந்தார், சாட்ஜிபிடி 2022 நவம்பரில்தான் வந்தது, தான் அதற்கு முன்பிருந்தே நீளக்கோடு போடுகிறவர், இப்போது எல்லோரும் சந்தேகப்படுகிறார்கள் என்று. அவர் சொல்வது நியாயம். கோட்டை வைத்து யாரையும் பிடிக்காதீர்கள், இந்த முறை உங்கள் எழுத்தை நீங்களே பார்த்துக்கொள்ள மட்டும். அதேபோல் பழைய கல்யாணப் பத்திரிகைகளில் 'இடம்:-' என்று வருவதையும் எடுக்க வேண்டாம், அது நம் அச்சகங்கள் வெகுகாலமாகப் போட்டு வந்த குறி. தேடும்போது அந்த இடங்களைத் தாண்டிப் போய்விடுங்கள்.