முதலில் மாத்திரைப் பை, அப்புறம் ஈசிஜி

என் கிளினிக்கில் உள்ள கருவிகளை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்: ஈசிஜி மெஷின், இரண்டு மூன்று அளவுப் பட்டைகளுடன் ஒரு பிபி மெஷின், குளுக்கோமீட்டர், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், எடை மெஷின். ரத்தம் எடுத்தால் வெளியே லேபுக்குத்தான் போக வேண்டும், ரிசல்ட் மறுநாள். புதிதாகப் பொது மருத்துவத்துக்கு வரும் இளைய டாக்டர்கள் இதைப் பார்த்துவிட்டு, "இதை வைத்துக்கொண்டு ஹார்மோன் பிரச்சினையெல்லாம் எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று கேட்பார்கள். இதயம் ஒரு ஸ்பெஷலிஸ்டுக்கு, ஹார்மோன் இன்னொரு ஸ்பெஷலிஸ்டுக்கு என்று படித்து வந்தவர்கள். நோயாளிக்கு அந்தப் பாகப்பிரிவினை தெரியாது. படபடப்பு என்று வருவார், காரணம் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியில் இருக்கும். அசதி என்று வருவார், காரணம் இதயத்தில் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற இடம் நம்முடையதுதான்.

நான் தொடங்குவது மாத்திரைப் பையிலிருந்து. புதிதாக வருபவரிடம், "வீட்டுல சாப்பிடுற எல்லா மருந்தையும் அட்டையோட அப்படியே எடுத்துட்டு வாங்க" என்று சொல்லிவிடுவேன். சீட்டு மட்டும் போதாது. சீட்டில் இருப்பது டாக்டர் எழுதியது. பையில் இருப்பது நோயாளி விழுங்குவது.

ஐம்பதைத் தாண்டிய ஒரு அம்மா. பல வருடமாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறார். அசதி, மலச்சிக்கல், டிஎஸ்எச் 9 (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் இது; தைராய்டு குறைந்தால் இது ஏறும், கூடினால் இறங்கும்). ஏற்கெனவே டோஸைக் கூட்டியிருந்தார்கள்; இன்னும் கூட்டச் சொல்லித்தான் வந்திருந்தார். பையை மேசையில் கொட்டினால் லெவோதைராக்சின் (அதுதான் தைராய்டு மாத்திரை), கால்சியம், இரும்புச்சத்து மூன்றும் ஒரே ரப்பர் பேண்டில். "இதெல்லாம் எப்பம்மா சாப்பிடுறீங்க?" "காலையில எழுந்ததும் மூணையும் சேர்த்துப் போட்டுக்குவேன் டாக்டர். அப்பத்தானே மறக்காது." கால்சியமும் இரும்பும் குடலிலேயே தைராக்சினைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்துக்குள் விடாது. குறைந்தது 4 மணி நேர இடைவெளி வேண்டும். டோஸைத் தொடாமல் மற்ற இரண்டையும் மதியத்துக்கும் இரவுக்கும் தள்ளினேன். அடுத்த முறை பார்த்த டிஎஸ்எச் இயல்புக்கும் கீழே போயிருந்தது; டோஸைக் குறைக்க வேண்டியதாயிற்று.

இதில் இதயம் எங்கே வந்தது என்று கேட்கலாம். டிஎஸ்எச் 0.1-க்கும் கீழே கிடந்தால், அதுவும் அறுபதைத் தாண்டியவருக்கு, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிப்பது) வரும் வாய்ப்பு கூடுகிறது, எலும்பும் தேய்கிறது. டோஸை ஏற்றிக்கொண்டே போய், ஒருநாள் அவர் கால்சியத்தை நிறுத்திவிட்டால் அதே டோஸ் அளவுக்கு மீறியதாகிவிடும். டோஸ் மாற்றும் முன் 'எப்போது, எதனோடு' என்று கேளுங்கள். வெறும் வயிற்றில், காலை உணவுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பு. மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்து டிஎஸ்எச். அதற்கு முன் பார்ப்பது வீண் செலவு. புதிதாகத் தொடங்கும்போது, ஆரோக்கியமான இளவயதுக்காரருக்கு எடைக்கு ஏற்ப கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் வரை நேராகவே கொடுக்கலாம். வயதானவர், இதய ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவர் என்றால் 12.5 அல்லது 25 மைக்ரோகிராமில் தொடங்கி மெதுவாக ஏற வேண்டும். அவசரப்பட்டால் நெஞ்சுவலி வரும்.

பையில் வேறென்ன தேடுகிறேன்? வலி மாத்திரை: ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகைகள் பிபியை ஏற்றும், உப்பையும் நீரையும் தேக்கி, இதயச் செயலிழப்பு உள்ளவரைப் படுக்கையில் தள்ளும். மூக்கடைப்பு மாத்திரையில் உள்ள சூடோஎஃபெட்ரினும் பிபிக்கு ஆகாது. அமியோடரோன் (இதயத் துடிப்பைச் சீராக்கும் மருந்து): 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் சுமார் 75 மில்லிகிராம் அயோடின், தைராய்டைக் கூட்டவும் செய்யும், குறைக்கவும் செய்யும், அதனால் தொடங்கும் முன்பும் 6 மாதத்துக்கு ஒருமுறையும் டிஎஸ்எச். பயோட்டின் என்ற வைட்டமின்: முடிக்கென்று சாப்பிடுவார்கள். அதிக டோஸில் பல லேபுகளின் தைராய்டு டெஸ்டைக் குழப்பி, இல்லாத ஹைப்பர்தைராய்டை, அதாவது தைராய்டு கூடியதாகக் காட்டும். ரத்தம் எடுப்பதற்கு இரண்டு நாளாவது முன்பே நிறுத்தச் சொல்லுங்கள். கால் வீக்கத்தோடு வருபவரின் பையில் பிபி மாத்திரையான அம்லோடிபின் இருக்கிறதா, சர்க்கரை மாத்திரையான பையோகிளிட்டசோன் இருக்கிறதா என்று பாருங்கள். அம்லோடிபின் வீக்கத்துக்கு நீர் மாத்திரை எழுதுவது நம் தொழிலின் பழைய வியாதி. பெரிதாகப் பயன் இருக்காது, பொட்டாசியம்தான் குறையும். பையோகிளிட்டசோன் இதயச் செயலிழப்பில் கூடவே கூடாது.

ஸ்டீராய்டை மட்டும் தனியாகத் துருவிக் கேட்க வேண்டும். மாத்திரை, இன்ஹேலர், களிம்பு, மூட்டில் போட்ட ஊசி எல்லாமே கணக்கு. அதைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

நாடியும் படபடப்பும்

படபடப்பு என்றதும், அதிலும் பெண் என்றால், 'பதற்றம்' என்று எழுதிவிட்டுத் தூக்க மாத்திரை கொடுக்கும் வழக்கம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. மணிக்கட்டில் விரலை வைத்து அரை நிமிடம், ஒழுங்கில்லாமல் இருந்தால் முழு நிமிடம். மெஷின் காட்டும் எண் இதற்கு ஈடாகாது. ஒழுங்கே இல்லாமல் தாறுமாறாக அடித்தால் உடனே ஈசிஜி. பி அலை (ஒவ்வொரு துடிப்புக்கும் முன் வரும் சிறு மேடு) இல்லை, இடைவெளி சீரில்லை என்றால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். அப்போதே டிஎஸ்எச், பொட்டாசியம், கிரியாட்டினின், ரத்த எண்ணிக்கை எழுதிவிடுங்கள். வயதானவர்களுக்குத் தைராய்டு கூடினால் கை நடுக்கம், வியர்வை, கண் பிதுங்கல் எதுவும் தெரியாமல் போகலாம். எடை மட்டும் இறங்கியிருக்கும், மனம் சோர்ந்திருக்கும், நாடி தாறுமாறாக இருக்கும். எல்லோரும் புற்றுநோயைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

பக்கவாதத் தடுப்பைத் தள்ளிப்போடாதீர்கள். பக்கவாத ஆபத்தைக் கணக்கிடும் சாட்ஸ்-வாஸ்க் மதிப்பெண் போட்டு, தேவை என்றால் ரத்த உறைவைத் தடுக்கும் மருந்து. ஆஸ்பிரின் அதற்கு மாற்று ஆகாது. இதயத்தின் மைட்ரல் வால்வு நடுத்தர அளவிலோ அதற்கு மேலோ சுருங்கியிருந்தாலோ செயற்கை உலோக வால்வு இருந்தாலோ வார்ஃபரின்தான்; புதிய மருந்துகள் வேண்டாம். ஆகவே ஸ்டெதஸ்கோப்பை வைத்து நிதானமாகக் கேளுங்கள், சந்தேகம் இருந்தால் எக்கோ.

டிஎஸ்எச் மிகவும் இறங்கி, தைராய்டு ஹார்மோன்களான டி4, டி3 கூடியிருந்தால், ஆஸ்துமா இல்லாதவருக்குப் ப்ரோப்ரனோலால் அன்றே தொடங்கலாம், துடிப்பு அடங்கும். தைராய்டை அடக்கும் கார்பிமசோல் எழுதினால் ஒரு விஷயத்தை நோயாளி திருப்பிச் சொல்லும் வரை விடாதீர்கள்: காய்ச்சல், தொண்டைவலி, வாய்ப்புண் வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ரத்த எண்ணிக்கை. வெள்ளணுக்கள் திடீரென்று விழுந்துவிடலாம். கர்ப்பமா, கர்ப்பத் திட்டம் உண்டா என்றும் கேளுங்கள். முதல் மூன்று மாதத்துக்கு மருந்தே வேறு.

அடங்காத பிபி

அடங்காத பிபியில் பாதி, அளந்த விதத்தில் இருக்கிறது. படியேறி வந்தவரை உட்கார வைத்த கையோடு, பேசிக்கொண்டே, சட்டைக் கையின் மேல் சிறிய பட்டையைச் சுற்றி எடுத்தால் யாருக்கும் 150 வரும். ஐந்து நிமிடம் சும்மா உட்காரட்டும். சிறுநீர் கழித்திருக்க வேண்டும். முதுகுக்குச் சாய்வு, பாதம் தரையில், கை இதய மட்டத்தில், பட்டை கைக்கு ஏற்ற அளவில். முதல் முறை இரண்டு கையிலும். வயதானவருக்கும் சர்க்கரை நோயாளிக்கும் நிற்க வைத்து 3 நிமிடத்துக்குள் ஒருமுறை. மேலெண் 20 அல்லது கீழெண் 10 இறங்கினால் புதிதாக மாத்திரை ஏற்றும் முன் யோசியுங்கள். முடிந்தால் வீட்டில் ஒரு வாரம், காலை இரண்டு, மாலை இரண்டு அளவு. முதல் நாளைக் கழித்துச் சராசரி. கிளினிக்கில் 140/90 என்றால் வீட்டில் 135/85.

இவ்வளவுக்குப் பிறகும், நீர் மாத்திரை உள்பட மூன்று மருந்திலும் அடங்கவில்லை, அல்லது நாற்பதுக்குள் வந்த பிபி, அல்லது பொட்டாசியம் குறைவு என்றால் சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியை நினையுங்கள். அதில் சுரந்து உப்பைத் தேக்கும் ஆல்டோஸ்டெரோன் கூடும் நோயை ஜெரோம் கான் 1955-இல் விவரித்தபோது பொட்டாசியம் குறைவதுதான் முக்கிய அடையாளம். இன்று தெரிவது, இந்த நோயாளிகளில் பெரும்பாலோருக்குப் பொட்டாசியம் இயல்பாகவே இருக்கிறது. 'பொட்டாசியம் நார்மல், அதனால் இல்லை' என்ற வாதம் செல்லாது. ஆல்டோஸ்டெரோன், அதைத் தூண்டும் ரெனின் இரண்டையும் காலையில், நடமாடிய பிறகு எடுத்து விகிதம் பாருங்கள். குறைந்திருக்கும் பொட்டாசியத்தை முதலில் சரிசெய்ய வேண்டும். ஆல்டோஸ்டெரோனைத் தடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் சாப்பிடுபவர் என்றால் அதை நிறுத்துவதா என்று ஸ்பெஷலிஸ்டோடு பேசிவிட்டுச் செய்யுங்கள்.

தலைவலி, வியர்வை, படபடப்பு மூன்றும் சேர்ந்து திடீர் திடீரென்று வந்து போகிறதா? மெட்டாநெஃப்ரின் டெஸ்ட். ஃபியோக்ரோமோசைட்டோமா (அட்ரினலில் வரும் கட்டி) அரிதுதான், ஆனால் அங்கே படபடப்புக்கென்று ப்ரோப்ரனோலால் போன்ற பீட்டா பிளாக்கரை முதலில் கொடுத்தால் பிபி எகிறிவிடும். ஆல்ஃபா பிளாக்கர் முன்னால், பீட்டா பின்னால்.

சிறு தழும்புக் கோடுகளுக்கெல்லாம் குஷிங் (உடலின் சொந்த ஸ்டீராய்டான கார்டிசோல் கூடும் நோய்) என்று ஓட வேண்டாம். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் அகலமான ஊதா நிறக் கோடு, லேசாக இடித்தாலே கன்றிப்போவது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியாதது: இவைதான் முக்கியமான அடையாளங்கள். அப்போதும் முதலில் வெளியிலிருந்து வந்த ஸ்டீராய்டு இல்லை என்று உறுதி செய்யுங்கள்.

கெட்ட கொழுப்பு கூடியிருந்தால் ஸ்டாடின் தொடங்கும் முன் ஒரு டிஎஸ்எச். தைராய்டு குறைவு கொழுப்பையும் ஏற்றும், ஸ்டாடின் தரும் தசைவலியையும் கூட்டும்.

சர்க்கரையும் இதயமும்

மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி-யைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். இரும்புச்சத்துக் குறைவில் அது உண்மையைவிட ஏறித் தெரியலாம். ரத்த அணுக்கள் சீக்கிரம் உடையும் நோய்களில் இறங்கித் தெரியும். வெறும் வயிற்றுச் சர்க்கரையோடு பொருந்தாவிட்டால் ஹீமோகுளோபினைப் பாருங்கள்.

மூச்சிரைப்பும் கால் வீக்கமும் உள்ளவரிடம், "எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்?" என்று கேட்டால் பாதி விடை வந்துவிடும். இதயத்தின் சுமையைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான என்டி-ப்ரோபிஎன்பி 125-க்குக் கீழே என்றால் நாட்பட்ட இதயச் செயலிழப்பு இருக்க வாய்ப்பு குறைவு. உடல் பருமன் உள்ளவருக்கு இந்த எண் இறங்கித் தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள். உறுதியானால் தினமும் காலை எடை பார்க்கச் சொல்லுங்கள். 3 நாளில் 2 கிலோ ஏறினால் போன் செய்ய வேண்டும்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரைகளை இன்னும் பலர் சர்க்கரை மருந்தாக மட்டுமே பார்க்கிறார்கள். சர்க்கரை இல்லாதவருக்கும் இதயச் செயலிழப்பில் பலன் உண்டு என்று 2019-இல் வந்த டாபா-எச்எஃப் ஆய்வு காட்டியது. தயங்காமல் எழுதுங்கள், ஆனால் எச்சரிக்கையும் சேர்த்து: வாந்தி, சாப்பிட முடியாத நாள், ஆபரேஷனுக்கு 3 நாள் முன்பு நிறுத்த வேண்டும். சர்க்கரை 200-க்குக் கீழே இருக்கும்போதே கீட்டோஅசிடோசிஸ் (ரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்து) வரலாம். குளுக்கோமீட்டரைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

நிறுத்திய ஸ்டீராய்டு

மூன்று நான்கு வாரத்துக்கு மேல் ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு சாப்பிட்டவர் சட்டென்று நிறுத்தினால் அட்ரினல் தூங்கிக்கொண்டிருக்கும். அசதி, பசியின்மை, எடைக் குறைவு, நின்றால் தலைசுற்றல், சோடியம் குறைவு. அட்ரினலே கெட்டுப்போனவரைப் போல இவருக்குத் தோல் கருக்காது, பொட்டாசியமும் ஏறாது, அதனால்தான் தவறிப்போகிறது. இப்படிப்பட்டவரின் டிஎஸ்எச் சற்று ஏறியிருப்பதைப் பார்த்துத் தைராக்சினை முதலில் கொடுத்தால், மிச்சமிருக்கும் கார்டிசோலும் வேகமாகச் செலவாகி ஆள் சாய்ந்துவிடுவார். ஸ்டீராய்டு முன்னால், தைராக்சின் பின்னால். பிபி விழுந்து வாந்தியோடு வந்தால் டெஸ்டுக்குக் காத்திருக்காமல் ஹைட்ரோகார்டிசோன் 100 மில்லிகிராம் ஊசி, சலைன், ஆம்புலன்ஸ்.

யாரை எப்போது அனுப்புவது

நெஞ்சுவலிக்கு 10 நிமிடத்துக்குள் ஈசிஜி. சர்க்கரை நோயாளி வலி இல்லாமல் வெறும் வியர்வையோடும் மூச்சிரைப்போடும் வந்தாலும் அப்படியே. மாரடைப்புச் சந்தேகம் என்றால், ஒவ்வாமையோ ரத்தக்கசிவோ இல்லாதவருக்கு ஆஸ்பிரின் 300 மில்லிகிராம் மென்று விழுங்கக் கொடுத்து உடனே அனுப்புங்கள். ஈசிஜி நார்மல் என்று வீட்டுக்கு அனுப்பாதீர்கள். சிறிய கிளினிக்கில் மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் ரிசல்ட்டுக்காக உட்கார வைப்பதும் தப்பு.

அதே நாளில் போக வேண்டியவர்கள்: மயக்கத்தோடு படபடப்பு, காய்ச்சலும் குழப்பமும் சேர்ந்த ஹைப்பர்தைராய்டு, பிபி விழும் ஸ்டீராய்டு நோயாளி. சில நாளில்: புதிய ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் ஆனால் நிலையாக இருப்பவர், ஆல்டோஸ்டெரோன் விகிதம் கூடியவர். போகவே வேண்டாதவர்: எழுபதைத் தாண்டி, எந்தத் தொந்தரவும் இல்லாமல், செக்கப்பில் டிஎஸ்எச் 6 என்று பேப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு பயந்து வருபவர். அந்த வயதில் அது இயல்பாகவே இருக்கலாம். இரண்டு மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்த்துக்கொள்ளலாம். இப்போதைக்கு மாத்திரை வேண்டாம்.